மயானப் பதிவேட்டில் அப்பாவின் கையெழுத்து

தாத்தாவின் இறப்புச் சான்றிதழைத் தேடித் தரும் வேலையை என் தலையில் கட்டியது அத்தைதான். லால்குடிப் பக்கம் தாத்தா விட்டுப்போன ஒரு மனை இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கினால்தான் அதற்குப் பட்டா மாற்ற முடியும். தாத்தா இறந்ததற்கே அத்தாட்சி இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் எப்படி வரும்?

அத்தை அப்பாவின் தங்கை. எழுபத்து நாலு வயதில் எங்கள் ஊரிலேயே கே.கே. நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். இன்னொரு தங்கை இறந்து பல வருடங்கள் ஆயிற்று. தாத்தாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள் என்றுதான் ஐம்பது வயது வரை எனக்குத் தெரியும்.

"நீ ஸ்கூல் லைப்ரரில இருந்தவ. பழைய புஸ்தகத்துல தேடறதெல்லாம் உனக்குத்தான் வரும். உங்கப்பாவை நம்பினா நான் போய்ச் சேர்ந்தப்புறம்தான் வேலை முடியும்" என்றார்.

அந்த வருடம்தான் வேலையை விட்டிருந்தேன். உறையூரில் அப்பா, கணவர், நான் என்று மூன்று பேர் இருக்கும் வீட்டில், காலை பத்து மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியாமல் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். உடனே ஒத்துக்கொண்டேன்.

பிறப்பு இறப்புப் பிரிவில், நாற்பது வருடத்துக்கு முந்தையது கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்றார்கள். "மயானத்துல ரிஜிஸ்டர் இருக்கும். எந்தத் தேதி, என்ன நம்பர்னு பாத்துட்டு வாங்க. நாங்க கட்டைப் பிரிச்சுத் தேடித் தரோம்" என்று ஒரு கடிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். எங்கே போகணும் என்று கேட்டு, நான் சொன்னதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

அதுவரை மயானத்துக்குள் நான் காலெடுத்து வைத்ததில்லை. அம்மாவைக் கொண்டுபோனபோதுகூடத் தெருமுனையோடு நின்றுவிட்டேன். எரிமேடைக் கட்டிடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு மேஜை, இரண்டு இரும்பு பீரோ. பதிவேடு எழுதுபவருக்கு நாற்பது வயது இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"நீங்களேவா வந்தீங்க? வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?"

"இருக்காங்க. அவங்களுக்குப் பொறுமை கிடையாது."

அவர் சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டார். "இங்க உக்காருங்க. புகை இந்தப் பக்கம் வராது."

தடித்தடியான புத்தகங்கள். அட்டைத் துணி உரிந்து, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் போட்டு வரிசை எண், தேதி, இறந்தவர் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், விலாசம், காரணம், கொண்டுவந்தவர் பெயர், உறவு, கையெழுத்து. சில வருடங்கள் மணிமணியான எழுத்து. சில வருடங்கள் எறும்பு ஊர்ந்தது போல. தாத்தா எந்த மாதம் இறந்தார் என்பதில் அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் அந்த வருடம் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் காலையிலேயே தாத்தா கிடைத்துவிட்டார். முதுமை என்று காரணம், மகன் என்று உறவு, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. எண்ணைக் குறித்துக்கொண்டேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

முடியவில்லை. உறவு என்ற கட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. மகன், மருமகன், அண்ணன் என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வீடு என்று ஒன்று வரும். காந்தி மார்க்கெட் விலாசத்தில் ஒரு சுமைதூக்குபவர். அவரைக் கொண்டுவந்தவருக்கு உறவு, கூட வேலை செய்பவர். ஓரிடத்தில் பெயரும் இல்லை, வயதும் இல்லை, உறவுக் கட்டத்தில் ஒரு கோடு மட்டும். எனக்குத் தெரிந்த தெருக்களில் எனக்குத் தெரியாத இத்தனை பேர் வாழ்ந்து முடித்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்க வேண்டும் என்று ஒரு மனது சொல்லச் சொல்ல, இன்னும் ஒரு பக்கம், இன்னும் ஒரு பக்கம் என்று கை புரட்டிக்கொண்டே இருந்தது. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

"தாத்தாதான் கெடைச்சிட்டாரே. இன்னும் யாருங்க?" என்று கேட்டார் பதிவேடு எழுதுபவர்.

"தெரியலைங்க" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நான்காம் நாள், தாத்தா இறந்து பதினொரு மாதம் கழித்து வந்த ஒரு பக்கத்தில், மறுபடியும் அப்பாவின் கையெழுத்து. முதல் எழுத்தின் வால் பெயர் முழுவதற்கும் அடியில் ஓடி, கடைசியில் இரண்டு புள்ளி வைக்கும். பன்னிரண்டு வருடம் ராங்க் கார்டில் பார்த்த கையெழுத்து. எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும்.

வரியை இடமிருந்து வலமாகப் படித்தேன். பெண். வயது நாற்பத்தொன்று. தகப்பனார் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர். விலாசம் ஸ்ரீரங்கம், அடையவளஞ்சான் தெரு. இறந்த இடம் ஆஸ்பத்திரி. காரணம் காய்ச்சல். கொண்டுவந்தவர் அப்பா. உறவு: தம்பி.

அப்பாவுக்கு அக்கா கிடையாது. இல்லை, எனக்குத் தெரிந்து கிடையாது.

தேதியைத் திரும்பப் பார்த்தேன். நான் ஐந்தாவது படித்த வருடம். அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அப்பா மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தார். சமயபுரத்தில் வேண்டுதல் என்று சொல்லிக் குங்குமமும் எலுமிச்சம்பழமும் அம்மாவிடம் கொடுத்தார். குடும்பத்தோடு போகிற கோயிலுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாரே என்று அம்மா சண்டை போட்டாள். நான் அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அப்பா தலையைக் குனிந்து காட்டிக்கொண்டிருந்தார்.

செல்போனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை. வெயிலில் உறையூர் வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன்.

"கெடைச்சிதா?" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கெடைச்சிதுப்பா."

தாத்தாவைப் பற்றி மட்டும் சொன்னேன். எண்பது வயது மனிதர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை. காபி கொடுக்கும்போது கேட்கலாம் என்று போவேன், டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தேன் என்று எனக்கே தெரியாது. இப்படியே இரண்டு வாரம் போயிற்று.

"கேக்கறதுன்னா கேட்டுடு. இல்லன்னா விட்டுடு. நடுவுல நின்னுக்கிட்டு வீட்டையே சுத்திச் சுத்தி வர்ற, பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது" என்றார் என் கணவர்.

அப்பாவிடம் கேட்காமல் அத்தைக்குப் போன் செய்தேன். "அத்தை, அப்பாவுக்கு ஒரு அக்கா இருந்தாங்களா?"

போனில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"யாரு சொன்னா?"

"ரிஜிஸ்டர்ல இருக்கு."

"இருந்தா. கல்யாணமாகிப் போன ஊர்ல காலரால செத்துப் போனா. நான் சின்னப் பொண்ணு, எனக்கு ஒண்ணும் தெரியாது. உன்னை என்ன தேடச் சொன்னேன், நீ என்ன தேடிக்கிட்டு இருக்க? என் பேத்திக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல எதையாவது கிளப்பி வைக்காதே." போனை வைத்துவிட்டார்.

காலராவுக்கும் வரனுக்கும் என்ன சம்பந்தம்? அன்றைக்கே ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன்.

கதவு எண்கள் இரண்டு தடவை மாறியிருந்தன. பழைய எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்று தடவை நடந்து, கடைசியில் ஒரு இஸ்திரிக்காரர், பழைய எண் எழுதிய பலகை இன்னும் இருக்கும் வீட்டைக் காட்டினார். நீளமான வீடு. முன்பு மூன்று குடித்தனம் இருந்ததாம், இப்போது ஒன்றுதான். அறுபத்தெட்டு, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மாமி வந்தார். நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம். செல்போன் படத்தை நீட்டி, அதில் இருந்த பெயரைச் சொன்னேன்.

மாமி படத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார்.

"சைக்கிள்ல வருவாரே, அவரோட பொண்ணா நீங்க? உள்ள வாங்கோ."

அந்த வீட்டுக்கு மாமி கல்யாணமாகி வந்தபோது, பின்கட்டில் ஒற்றை அறையில் அப்பாவின் அக்கா குடியிருந்தாராம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் உடம்பில் தேமல் வந்து, தொழுநோய் என்று தெரிந்ததும் புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீழே இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள். போன ஊரிலேயே காலராவில் இறந்துவிட்டாள் என்று தாத்தா சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் அறை பிடித்து வைத்தார்.

"மருந்து சாப்பிட்டு வியாதி எப்பவோ சரியாப் போயிடுத்து. விரல்தான் மடங்கினது மடங்கினதுதான். முதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்தது, பொய் சொல்லப்படாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டினா. அப்புறம் என் பையனுக்கு வாய்ப்பாடு அவதான் சொல்லிக் கொடுத்தா. அவ உள்ள உக்காந்துண்டிருப்பா, இவன் படியில உக்காந்துண்டு கத்துவான். உங்க அப்பா சனிக்கிழமை தவறினதே இல்லை."

சனிக்கிழமை. அப்பா பெருமாளைச் சேவிக்கப் போகிறார் என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தோம்.

மாமி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருமைக்கு மாறினார். "உனக்கு ஞாபகம் இல்லையா? நீ இங்க வந்திருக்கே."

"நானா?"

"நாலு வயசு இருக்கும். சைக்கிள்ல முன்னாடி உக்காரவெச்சு அழைச்சுண்டு வந்தார். அன்னிக்கு அவ காலங்கார்த்தாலேர்ந்து ஒரு இடத்துல உக்காரலை. தலைக்கு எண்ணெய் வெச்சு என்னைப் பின்னிவிடச் சொன்னா. நீ வந்தே. தூக்கறதுக்குக் கையை நீட்டினா. நீ அந்தக் கையைப் பாத்துட்டு வீறிட்டு அழுதே. சமாதானமே பண்ண முடியலை."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கொழந்தைதானே, உனக்கென்ன தெரியும்? அவளும் அதைத்தான் சொன்னா. ஆனா இனிமே கூட்டிண்டு வர வேண்டாம்னு உங்க அப்பாகிட்ட சொல்லிட்டா. பரமபதிச்சுட்டான்னு ஆஸ்பத்திரிலேர்ந்து சேதி வந்தப்போ எனக்கு அந்த நாள்தான் முதல்ல ஞாபகம் வந்தது."

பின்கட்டு அறையைக் காட்டினார். பழைய நாற்காலிகளும் கொலுப்படிகளும் அடைத்திருந்தன. வாசற்படியில் நின்று உள்ளே பார்த்தேன். என் நான்காவது வயதில் என்னென்னவோ எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாளி, சைக்கிள் மணியின் சத்தம், காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது எல்லாம். அந்த அறை வரவில்லை. அந்த முகம் வரவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ முயன்றேன். திரும்பும் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டேன்.

"அப்பா, ஸ்ரீரங்கம் போயிருந்தேன்."

"சேவிச்சியா? கூட்டமா?"

"கோயிலுக்குப் போகலைப்பா. அடையவளஞ்சான் தெருவுக்குப் போனேன்."

அப்பா பேப்பரை மடித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் போடப் பார்த்தார். அது உள்ளே போகவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரு இருக்கா அங்க இப்ப?"

"ஒரு மாமி. பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொன்னாங்க."

"அந்தம்மா இன்னும் அங்கயேவா இருக்காங்க?" என்றார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லலை? அத்தைங்களுக்குக் கல்யாணம் முடிஞ்சப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவங்களுக்குப் புள்ளைங்க பொறந்துடுச்சு. அந்தப் புள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகட்டும்னு பாத்தேன். அது முடியறதே இல்லைம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மொட்டை போட்டுட்டு வந்தன்னிக்கு சண்டை போட்டா. ரெண்டு நாள் கழிச்சு, யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதேன்னு எப்பவும் போல எண்ணெய் தேச்சுக்க உக்காந்தேன். 'பதினாறு நாள் ஆகட்டும்'னு எண்ணெய்க் கிண்ணத்தைக் கையிலேர்ந்து வாங்கிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை."

அன்று மாலை முழுக்க அப்பா விட்டு விட்டுப் பேசினார். தாத்தா இறந்தபோது அக்காவை அழைத்துவர முடியவில்லை. பத்தாம் நாள் காரியம் முடிந்த பிறகு போய்ச் சொன்னாராம். 'அப்பா என்னைக் கேட்டாரா?' என்பதுதான் அக்கா கேட்ட முதல் கேள்வி. "கேட்டார்னு சொன்னேன். அவர் கேக்கலை. நான் சொன்னது பொய்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் அப்பா. என்னை அங்கே அழைத்துப் போன நாளைப் பற்றி நானாகக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இதற்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். இறந்தவரின் பிள்ளைகள் அத்தனை பேரையும், இருப்பவர், இறந்தவர் என்று பிரித்து எழுதச் சொல்லி ஒரு பட்டியல் அதில் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன்.

"நாலு பேர்னு எழுது" என்றார். "அக்கா பேரை முதல்ல எழுது."

அப்படியானால் அக்காவுக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவேட்டு எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்து, தாத்தாவுடையதையும் அவருடையதையும் சேர்த்து வாங்கிவந்தேன். அத்தையும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போனில் சொன்னேன். வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. நான் தினமும் ஒருமுறை விண்ணப்பத்தை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே வைப்பேன். மூன்றாவது பேத்தி வரை கல்யாணம் முடிந்த பிறகுதான் இது தாலுகா ஆபீஸுக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை தானாகவே ஆட்டோவில் வந்து இறங்கினார். அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேராக மேஜைக்கு வந்து, விண்ணப்பத்தில் முதல் வரியில் இருந்த பெயரைப் படித்தார். பக்கத்தில் இருந்த இறப்புச் சான்றிதழையும் எடுத்துப் படித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார், என்னைப் பார்க்காமல். "கல்யாணத்துக்கு முதல் நாள் எங்கப்பா உக்காரவெச்சுச் சொன்னார், எந்தக் காலத்துலயும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு. நான் ஒரு தடவைகூடப் போய்ப் பாக்கலை."

அப்பா எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அத்தை குடித்தார். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இது என்ன, வயசு நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு?" என்றார்.

அப்பா சான்றிதழை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கே அப்ப நாப்பது. அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவ. நான்தான் அன்னிக்கு இருந்த நிலைமையில தப்பாச் சொல்லியிருப்பேன்."

"மூணு வயசைக் குறைச்சுட்டியே அண்ணா."

"மாத்திடலாம்."

மாற்றுவது அத்தனை எளிதல்ல, பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள், வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வயதே போதும் என்று எடுத்துச் சொன்னேன். இரண்டு பேரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா எந்த வகுப்பு வரை படித்தார், லால்குடிப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம், அங்கே அந்தக் காலத்துச் சேர்க்கைப் பதிவேடு இன்னும் இருக்குமா என்று ஆரம்பித்தார்கள். புரட்டாசியில் பிறந்தார் என்றார் அத்தை. இல்லை ஐப்பசி, தீபாவளிக்கு முன்னால் என்றார் அப்பா. பேச்சு வாக்குவாதமாகி, அத்தை சாப்பிடாமல் கிளம்பப் பார்த்து, பிறகு சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஏழரைக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு, மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். பள்ளிக்கூடம் ஒன்பதரைக்குத்தான் திறக்கும் என்றேன்.

"திறக்கட்டும். உங்க அத்தை கெளம்பிட்டேன்னு போன் பண்ணிட்டா. நீ இன்னும் தலைகூட சீவலை."